மணிக்கு ஒரு மேற்கோள்

அகராதி அலுவலகத்தில் அவளுக்குக் 'கத்திரி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவளுக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆதாரச் சீட்டு இல்லாமல் யார் எதை எழுதி வந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் வெட்டுவாள். "பெரியவங்க சொல்லுவாங்க மேடம்" என்ற கதையெல்லாம் அவளிடம் வேகாது. புத்தகம், பக்கம், ஆண்டு சொல்லியாக வேண்டும். தலைமை ஆசிரியர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை; அவளுக்குத் துளியும் இல்லை.

அன்று மாலை, புதிய பதிப்பில் வரவேண்டிய 'மணி' என்ற சொல்லின் அச்சுப்படி அவள் மேசைக்கு வந்தது. சொற்களின் மூலத்தை எழுதுகிறவர் வேர்க்காரர். மனிதர் ஏழு வருடமாக இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியவர். அடிக்கிற மணி, பார்க்கிற மணி, தானிய மணி, கண்மணி, நூலில் கோக்கிற மணி. இத்தனையில் மூத்தது எது? கோக்கிற சின்ன உருண்டைதான், மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள் என்று அடித்துச் சொல்லியிருந்தார். அதற்கு அவர் காட்டிய பெரிய சான்று ஒரு பழமொழி: 'கோத்தால் மாலை, சிதறினால் மணி.'

கத்திரியின் பேனா அந்த வரியிலேயே நின்றது. அந்தப் பழமொழியைப் பெற்றவளே அவள்தான்.

முப்பது வருடத்துக்கு முன், முதல் பதிப்பின்போது நடந்தது அது. அடிக்கிற மணிக்கு நாற்பது சீட்டு இருந்தது. கோக்கிற மணிக்கு ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சாதாரணச் சொல்லுக்கு வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்று எல்லோருமே விட்டுவிட்டார்கள். அச்சகத்து ஆள் வாசலில் நின்று கத்த, புதிதாகச் சேர்ந்திருந்த அவள் மனதில் வந்ததை எழுதி, பக்கத்தில் 'பழமொழி' என்று போட்டு அனுப்பிவிட்டாள். அதைப் பார்த்து இன்னொரு அகராதி எழுதியது. அதைப் பார்த்துப் பாடப்புத்தகம். பிறகு ஊரே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்த நாத்தனாரிடம், அந்தப் பழமொழி தெரியுமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"ஏன் தெரியாம? எங்கம்மா வாய்க்கு வாய் சொல்லுவாங்களே, அண்ணி. எவ்வளவு பழசு அது!"

மாமியாருக்கு அதை அச்சான புத்தகத்திலிருந்து படித்துக் காட்டியவள் இவள்தான். வாயை மூடிக்கொண்டால் இனி ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியப்போவதில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

காலையில் முதல் வேலையாகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனாள். வேர்க்காரரும் அங்கே இருந்தார். நல்லதாய்ப் போயிற்று என்று இருவரிடமும் போட்டு உடைத்தாள்.

வேர்க்காரர் சிரித்தார். "விளையாடாதீங்க மேடம். அது நூறு வருஷப் பழமொழி."

"நூறு வருஷத்துச் சீட்டு ஒண்ணு காட்டுங்க, ஒத்துக்கறேன்."

அவர் தேடியவர்தானே. எந்த நூலைத் தோண்டினாலும் அவர் போய் முட்டிய இடம் அந்த முதல் பதிப்புதான். சிரிப்பு அடங்கிவிட்டது. "ஏழு வருஷம் மேடம்," என்றார் மெதுவாக. "எனக்காகவாவது விட்டுடக் கூடாதா?"

அவளுக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. "கூடாது," என்றாள்.

தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "சத்தமில்லாம அந்த வரியை எடுத்துடலாம். நாலு சுவத்துக்குள்ள போயிடும்."

"எடுக்க முடியாது சார். இப்போ ஜனங்க நிஜமாவே சொல்றாங்க. வழக்குல இருக்கறதை வெட்ட நான் யாரு? வரி இருக்கட்டும். 'இந்த அகராதியின் முதல் பதிப்பில் உதவியாளர் இட்டுக்கட்டியது'ன்னு போட்டு, என் பேரையும் போடுங்க."

"அப்படிப் போட்டா அந்த நாற்காலில உங்களை உக்கார வைக்க முடியாதும்மா. நல்லா யோசிச்சுக்கோங்க."

யோசித்தாள். தன்னைவிட அந்த வேலையை நன்றாகச் செய்ய இந்தக் கட்டிடத்தில் ஆள் இல்லை என்று அப்போதும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்ததனால்தான் அவ்வளவு வலித்தது. பேனாவை எடுத்து வேர்க்காரரின் பத்தியைக் குறுக்கே அடித்து, 'மூலம் தெளிவில்லை' என்று எழுதினாள். பழமொழிக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதினாள்.

அடுத்த மாதம் நாற்காலி வேர்க்காரருக்குப் போயிற்று. முதல் நாள் அவர் கையெழுத்துக்காக மேசையில் காத்திருந்தது 'மணி'யின் கடைசி அச்சுப்படி. எதிரே கத்திரி நின்றாள். தன் ஏழு வருடத்தின் மேல் விழுந்த கோட்டை அவர் வெகுநேரம் பார்த்தார். இந்தக் கோடு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல இப்போது அவருக்கு அதிகாரம் இருந்தது.

"உக்காருங்க மேடம்," என்றார். அவள் உட்கார்ந்ததும், கையெழுத்துப் போட்டார்.