ஆறாவது பத்தியில் ஒரு செம்புத் தண்ணீர்

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. சான்றிதழில் என் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்த ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டி, இரணியலில் வக்கீல் ராஜகுமாரின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போடக் குனிந்தேன். குமாஸ்தா* ஜெயபாய் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"கத எழுதுத ஆளுன்னு சொல்லுதிய. நாலு வரி படிக்க மடியா?"

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடமாக அதே மேசை. முதலில் ராஜகுமாரின் அப்பாவிடம் வேலை, இப்போது மகனிடம். அன்று அவர் என்னிடம் சொன்ன சம்பவம்தான் இது.

(* இப்போது இவர்களுக்கு 'பாராலீகல்' என்று பெயராம். ஜெயபாயிடம் சொன்னேன். "பேரு நல்லாத்தான் இருக்கு. வேல கொறையுமா?" என்று கேட்டார்.)

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: "மழை கொட்டிய அந்த மாலையில், கண்ணீரும் கம்பலையுமாகப் பூங்கனி வக்கீலின் படியேறி..."

கைவிட்டேன். போனில் வாசித்துக் காட்டியபோது ஜெயபாய் கேட்டது: "மழைய நீங்க பாத்தியளா?"

சரி, உள்ளபடி சொல்கிறேன். ஏப்ரல் மாதக் கடைசி வேலைநாள். நல்ல வெயில். மறுநாள் முதல் ஒரு மாதம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. மண்டைக்காட்டில் அப்பன் விட்டுப்போன வீட்டில் பூங்கனிக்கும் தம்பி தாணுமாலயனுக்கும் ஆளுக்குப் பாதி. மகளின் பிரசவத்துக்காக மார்த்தாண்டம் போன பூங்கனி இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது, அவர் பாதியில் புதுப் பூட்டு தொங்கியது. பூட்டைத் திறக்க உத்தரவு வேண்டுமென்றால், மாலைக்குள் மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும்.

மணி மூன்றரை. ராஜகுமார் எழுதிய பிரமாணப் பத்திரம் தயார். கையெழுத்துதான் பாக்கி. ஜெயபாய் நாற்காலியை இழுத்துப் போட்டு, பூங்கனிக்கு முழுவதையும் சத்தமாக வாசித்தார்.

"என் தம்பி என்னை அடித்து, முடியைப் பிடித்திழுத்து வெளியே தள்ளினார்..."

"யாரு?" என்றார் பூங்கனி.

"உங்க தம்பி."

"அய்யோ, அவன் என்னத் தொடவே இல்ல பாத்துக்கிடுங்க. பூட்ட மாத்தினான், உள்ளதுதான். நான் வெயில்ல நிக்கத கண்டு ஜன்னல் வழியா ஒரு செம்பு தண்ணி தந்தான். தந்திட்டு ஜன்னல அடச்சிட்டான்."

3

(ராஜகுமாரைக் கெட்டவராக எழுதத்தான் முதலில் நினைத்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.)

"அடிச்சான்னு இருந்தா இன்னைக்கே உத்தரவு கிடைக்கும், அக்கா," என்றார் அவர் ஜெயபாயிடம். "அவங்க வீட்டுக்குள்ள போண்டாமா? அதுக்குத்தான் எழுதினேன்."

"நாளைக்குக் கூண்டுல நிக்கப்போறது அவங்க, சார். அடிச்சானான்னு கேட்டா அவங்களுக்குப் பொய் வராது," என்றார் ஜெயபாய்.

ராஜகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் இருக்கா?"

ஜெயபாய் அதற்குள் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தார். அடித்தது, இழுத்தது, தள்ளியது எல்லாம் போயின. ஆறாவது பத்தியில் தண்ணீர் வந்தது. மறுபடி வாசித்தார். பூங்கனி தலையாட்டி, தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். கோர்ட் வளாகத்துக்குள் ஜெயபாய் ஓடியே போனார்; செருப்பு வார் அறுந்தது. மனு ஏறிவிட்டது.

ஆனால் உத்தரவு கிடைக்கவில்லை. அவசரம் தெரியவில்லை, தம்பியையும் கேட்க வேண்டும் என்று சொல்லி, நீதிபதி நோட்டீஸ் மட்டும் அனுப்பச் சொன்னார். பூங்கனி தன் பையை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் மகள் வீட்டுக்கே திரும்பிப் போனார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ராஜகுமார் குத்திக்காட்டக்கூட இல்லை. அதுதான் ஜெயபாய்க்குத் தாங்கவில்லை. மே மாதம் முழுக்க, சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தப் பை நினைவுக்கு வந்ததாம்.

4

மே மாதம் இருபதாம் தேதி வாக்கில் தாணுமாலயன் அலுவலகத்துக்கு வந்தார். ராஜகுமார் அப்போது அங்கே இல்லை. கையில் நோட்டீஸோடு வந்த பிரமாணப் பத்திர நகல், ஆறாவது பத்தி மேலே தெரியும்படி மடித்தது.

"எதிர்த்தரப்பு ஆளுட்ட நான் பேசப்பிடாது," என்றார் ஜெயபாய். "உங்க வக்கீலக் கேளுங்க."

"ஒரே ஒரு காரியந்தான். இது அக்கா சொன்னதா, வக்கீல் எழுதினதா?"

ஜெயபாய் மடித்திருந்த அந்தப் பத்தியைப் பார்த்தார்.

"அவங்க சொன்னது. நான் அடிச்சேன்." பிறகு, எதற்கென்று அவருக்கே தெரியாமல், சேர்த்தார்: "தட்டச்சு."

தாணுமாலயனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாமல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

5

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுக்கிறார். ஒன்றில் வழக்கு பதினோரு வருடம் நடக்கிறது. மூன்றாவதில் பூட்டை மாற்றச் சொன்னது வேறு...

இல்லை, வேண்டாம்.

என்னதான் ஆயிற்று என்று ஜெயபாயைக் கேட்டேன். "கேஸு கோர்ட்ல இருக்கு. நான் வாயத் தொறக்கமாட்டேன்," என்றார். ஆனால் அன்று ஜன்னலில் பார்த்ததை மட்டும் சொன்னார். படியிறங்கிய தாணுமாலயன் மண்டைக்காட்டு பஸ்ஸுக்குக் கை காட்டி நிறுத்தினார். பஸ் நின்றது. அவர் ஏறவில்லை. கண்டக்டர் எதையோ கத்திவிட்டு விசிலடித்தார். பஸ் போனபின் அவர் சாலையைக் கடந்து, மார்த்தாண்டம் பஸ் நிற்கும் பக்கத்தில் போய் நின்றார்.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்தில் போன் அடித்தது. ஜெயபாய் எடுக்கப் போய்விட்டார். நீங்கள் இன்னும் ஜன்னலருகில்தான் நிற்கிறீர்கள்.