சுவாமி அறையில் மூன்று நாள் இருந்த சான்றிதழ்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கொச்சியில், மட்டாஞ்சேரியிலிருந்து திரும்பும் படகில். பின்னால் இருந்த பெண் போனில், "வேற கல்லு மாமி! அது வேற கல்லு!" என்றாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்தினாள். அந்த ஒரு வரியோடு இறங்கிவிட்டேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: பூமியின் ஆழத்தில், கோடானுகோடி ஆண்டுகளாக, வைரம்...

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாம் தொடக்கம்: தன்யாவுக்கும் வெங்கிடேஷுக்கும் நிச்சயதார்த்தம். மோதிரத்துக்கு மட்டாஞ்சேரியில் வாஞ்சிநாதன் நகைக்கடையில் தன்யாவே ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தாள். நிறம், சுத்தம், வெட்டு, எடை எல்லாம் சான்றிதழில் நன்றாகவே இருந்தன. காக்கநாட்டில் கணினியோடு மல்லுக்கட்டும் வெங்கிடேஷுக்கு அது போதும். அவன் அம்மா விசாலாக்ஷிக்குப் போதாது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். வைரம் வாங்குமுன் மூன்று நாள் சுவாமி அறையில் வைத்து, வீட்டுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள்.

"பில் போடாம கல்லை வெளியில விடப்பிடாது மாமி. கடையோட ரூல் அதாக்கும்," என்றார் வாஞ்சிநாதன்.

"அப்போ சர்டிபிகேட்டை வெச்சுப் பாரேன் அம்மா. கல்லோட ஜாதகம்தானே அது!"

வெங்கிடேஷ் கேலியாகத்தான் சொன்னான். விசாலாக்ஷி அதையே பிடித்துக்கொண்டாள்.

3

முதல் நாள் பால் திரிந்தது. மறுநாள் கிரைண்டர் புகைந்தது. மூன்றாம் நாள் வெங்கிடேஷின் அப்பா குளியலறையில் வழுக்கிக் கையில் கட்டுப் போட்டுக்கொண்டார். (அவரைச் சாகடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். பாவம், ஒரு மோதிரத்துக்காக எதற்கு?)

"இந்தக் கல்லு வேண்டாம் தன்யா," என்று விசாலாக்ஷி போனில் சொன்னாள். "ஆத்துக்குள்ள வரதுக்கு முன்னாடியே இப்படின்னா..."

வாக்கியம் அங்கேயே நின்றது. வெங்கிடேஷின் அப்பா கூப்பிட்டார் என்று போனை வைத்துவிட்டாள். மீதியைத் தன்யா தானே எழுதிக்கொண்டாள். அந்த வீட்டுக்குள் வரப்போவது கல் மட்டுமில்லையே! இன்று கல் வேண்டாம் என்பவர்கள் நாளை பெண் வேண்டாம் என்றால்?

[இங்கே விசாலாக்ஷியைக் கொடுமைக்காரியாக்கி ஒரு பத்தி இருந்தது. அவள் கொஞ்சமும் ஒத்துழைக்கவில்லை. அடித்துவிட்டேன்.]

4

சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கத் தன்யா தனியாகப் போனாள். ஆசைப்பட்ட கல்லைக் கடைசியாக ஒருமுறை பார்க்கத் தோன்றியது. கல்லின் விளிம்பில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும், அது சான்றிதழ் எண்ணோடு ஒத்துப்போகவேண்டும் என்று படித்திருந்தாள். லென்ஸைக் கண்ணில் வைத்தாள்.

"மாமா, நம்பர் வேறயா இருக்கே?"

வாஞ்சிநாதன் பார்த்தார். முகம் வியர்த்துவிட்டது. தன்யா கல்லைத் தேர்ந்தெடுத்த அன்று மேசைமேல் இரண்டு கற்கள் இருந்தன. சான்றிதழ் உறை மாறியிருக்கிறது.

"தெத்து பத்திப்போச்சு குழந்தே, என் தப்புதான். நீங்க கொண்டுபோனது மத்த கல்லோட சர்டிபிகேட்."

சண்டை போடவேண்டிய இடம். தன்யாவுக்கோ அவரைக் கும்பிடலாம்போல் இருந்தது. அப்பாடா! சரியான சான்றிதழை வாங்கிக்கொண்டு படகுக்கு ஓடினாள்.

படகில் நான் கேட்காத மறுமுனை இது:

"வேற கல்லா? நன்னாப் போச்சு! ஆத்துக்குள்ள வரதுக்கு முன்னாடியே இப்படின்னா, உன் விரல்ல போட்டா உனக்கு என்ன ஆயிடுமோன்னு பேடிச்சுட்டேன்டீ. ராத்திரி தூக்கமே இல்லை."

தன்யா மூக்கைச் சிந்தினாள்.

"அப்போ... இந்தச் சர்டிபிகேட்டையும் மூணு நாள் வெக்கணுமா மாமி?"

"ஒண்ணும் வேண்டாம். நீ கையோட கொண்டுவா, போறும். அடை வார்த்து வெக்கறேன்."

5

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அந்த இன்னொரு கல்? பால், கிரைண்டர், வெங்கிடேஷ் அப்பாவின் கை எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டோம். அது போன வாரம் விற்றுப்போயிற்று. வாங்கியவர் நீங்களாகவும் இருக்கலாம். எண்ணை நான் சொல்வதாக இல்லை. உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பால் திரிந்திருந்தால் மட்டும், பாத்திரத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.