கோட்டு போட்ட சுந்தரம்

பெண் பார்க்கப் போன வீட்டின் சுவரில் தன் உடம்பு சந்தன மாலையோடு தொங்குவதைக் கண்டதும், உத்தமன் வாயிலிருந்த கேசரியை விழுங்க மறந்தான்.

தலை அவனுடையது இல்லை. அது பெண்ணின் அப்பா சுந்தரத்தின் தலை. கழுத்துக்குக் கீழே இருந்த கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, நாற்காலி முதுகில் ஊன்றிய வலது கை எல்லாம் உத்தமன். அந்தக் கையில் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சண்டை போட்டுக்கொண்டதுபோலத் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பந்து பட்டு முறிந்த விரல். அதன் பிறகு மடங்கவில்லை.

அவன் வேலை செய்தது ஸ்ரீராம்புரத்தில் கோவிந்தராஜனின் ஸ்டுடியோவில். இரண்டாயிரத்தில் அங்கே கம்ப்யூட்டரும் ஃபோட்டோஷாப்பும் வந்தன. இறந்தவருக்குப் படம் போட வருகிறவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் யார் கல்யாணத்திலோ பந்தி பரிமாறும்போது ஓரத்தில் விழுந்த முகமாக இருக்கும். "ஒரு கோட்டு போட்டுக் குடுத்துடுங்க சார்" என்பார்கள். கோட்டுக்கு ஓர் உடம்பு வேண்டுமே. கோவிந்தராஜன் ஸ்டுடியோ கோட்டை உத்தமனுக்கு மாட்டி, முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கி, ஒரே ஒரு படம் எடுத்தார். உத்தமன் அதில் தும்மிவிட்டான். "பரவால்ல விடுப்பா, தலைய வெட்டத்தானே போறோம்" என்றார். அதற்கப்புறம் பெயின்டர்கள், மேஸ்திரிகள், தள்ளுவண்டிக்காரர்கள் என்று எத்தனையோ பேர் உத்தமனின் தோள்மேல் ஏறிச் சொர்க்கம் போனார்கள். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அவன் செத்திருந்தான்.

இதனால் தரகரிடம் கொடுக்கத் தனக்கென்று ஒரு படம் வேண்டியபோது சிக்கலாகிவிட்டது. அந்த உடம்பில் தன் தலையை வைத்தால், பார்க்கிறவர்களுக்குக் காலமான பெரியப்பா ஞாபகம் வரும். புதிதாக எடுத்தால் தொப்பை வரும். யோசித்துவிட்டு, ஒரு சட்டைக்கடை காலண்டரில் நின்றவனின் மார்பையும் தட்டை வயிற்றையும் எடுத்துத் தன் தலையை அதன்மேல் வைத்தான். ஊருக்கெல்லாம் உடம்பு கொடுத்தவன் தனக்கு மட்டும் இரவல் வாங்கியிருந்தான். அந்தப் படம்தான் இப்போது பெண்ணின் அம்மா ஜானகியம்மாவின் மடியில் இருந்தது. அவர் படத்தையும் எதிரே உட்கார்ந்திருந்தவனையும் மாறி மாறிப் பார்த்து, "பயணத்துல களைச்சுட்டீங்க போல" என்றார். உத்தமன் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்திருந்தான்.

பிரபா காபி கொண்டுவந்தாள். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி ரிசப்ஷனில் வேலை. கொஞ்சம் முன்னால் வாசலில் அவன் செருப்பைக் கழற்றுகிறேன் என்று கூட வந்த தன் அக்கா காலை மிதித்தபோது, ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சிரித்தது இவள்தான். அந்தச் சிரிப்பிலேயே உத்தமன் பாதி விழுந்துவிட்டான். இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்று முதல் தடவையாக அவனுக்கே தோன்றியது.

விரலை மறைக்க டம்ளரை இடது கையில் வாங்கினான்.

"டேய், பீச்சாங்கைலயா வாங்குவ?" அக்கா சீதாலட்சுமி பல்லைக் கடித்தாள்.

கை மாற்றினான். சுண்டுவிரல் டம்ளரைவிட்டு விலகி, நேராகச் சுவரைக் காட்டியது.

ஜானகியம்மாவும் சுவரைப் பார்த்தார். "எங்க தம்பிதான் எங்கயோ குடுத்துப் போட்டுக்கிட்டு வந்தான். உசிரோட இருந்தவரைக்கும் லுங்கியும் பனியனுந்தான் தம்பி. தெருத் தெருவா வால்வு தொறந்து தண்ணி வுடற வேலை. இப்பப் பாருங்க, ஆபீசர் கணக்கா நிக்கறாரு." முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். "எதுன்னாலும் அவர்கிட்ட சொல்லிட்டுத்தான். நீங்களும் ஒரு தடவ விழுந்து கும்புட்டுக்குங்க."

உயிரோடு எதிரில் கேசரி தின்கிறவனின் உடம்புக்குத்தான் தினமும் மாலை போட்டு விளக்கேற்றுகிறோம் என்று தெரிந்தால் இந்த அம்மா என்ன ஆவார்? சம்பந்தம் போவது ஒரு பக்கம். அந்த ஆபீசரும் போய்விடுவாரே.

உத்தமன் தன் உடம்பின் முன்னால் தானே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து முகத்தைப் பார்த்தான். கண்ணோரச் சுருக்கமும் மோவாய் மருவும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தவை. ஒரு பகல் முழுக்க அவற்றைத் திரை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கி உட்கார்ந்திருந்தவன். 'சார், கழுத்தை ஒழுங்காத்தான் ஒட்டினேன். மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க' என்று மனசுக்குள் சொன்னான். கும்பிட்ட கைகளில் ஒரு விரல் மட்டும் சேராமல் நின்றது. சமையலறை வாசலில் நின்ற பிரபா அந்த விரலைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் மாடியில பேசிட்டு வரட்டுமே" என்றாள் அக்கா, நேரம் காலம் தெரியாமல்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியோரம் பிரபாதான் ஆரம்பித்தாள். "எங்கப்பாவுக்குச் சுண்டுவிரல் நல்லா மடங்கும்."

உத்தமன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டான்.

"இப்ப மறைச்சு என்ன? ரெண்டு வருஷமா எங்க வீட்டு ஹால்லதான் இருக்கு."

"அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"சொல்லிட்டு? தினம் அதோடதான் பேசறாங்க. 'நேத்தும் தண்ணி வரல, என்னான்னு கேளுங்க'ன்னு கம்ப்ளைன்ட் வேற." கையோடு கொண்டுவந்திருந்த அவன் படத்தை நீட்டினாள். "சரி, எங்கப்பாவுக்கு நீங்க. உங்களுக்கு யாரு?"

"சட்டைக்கடை காலண்டர்" என்றான் உத்தமன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவனும் சிரித்தான். பாதியில் அவள் நிறுத்திவிட்டாள்.

"மாமா குடுத்த ஒரிஜினல் ஃபோட்டோல அப்பாவோட உடம்பும் இருந்துச்சில்ல? அத என்ன பண்ணீங்க?"

அதுவரை யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை.

"மாமா வீடு மாத்தறப்ப அந்த ஃபோட்டோ இருந்த ஆல்பம் தொலைஞ்சுபோச்சு" என்றாள். " வேற படம் இல்ல. வால்வு திருகற கம்பி ஒரு தோள்ல, நான் ஒரு தோள்ல. அப்படித்தான் தூக்கிட்டுப் போவாரு. கம்பிப் பக்கம் தோள் எறங்கியே இருக்கும்." அவள் கீழே தெருவைப் பார்த்தாள். "ஹால்ல இருக்கற தோள் எனக்குத் தெரியாது."

"தேடிப் பாக்கறேன்" என்றான். 

"கெடச்சாத்தான் பதில் சொல்வேன்னு நெனச்சுக்காதீங்க. அது வேற, இது வேற."

மறுநாள் பழைய சி.டி.க்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் அது கிடைத்தது. பந்தல், வாழையிலை வரிசை, சாம்பார் வாளியோடு குனிந்த ஒரு பனியன். கழுத்துக்கு மேலே வெள்ளையாக ஓர் ஓட்டை. தொழில் பழகின புதிதில் உத்தமன் தலையைக் காப்பி எடுக்க மாட்டான். வெட்டியே எடுப்பான், அப்படியே சேவ் செய்தும் வைப்பான். தன்னைத் திட்டிக்கொண்டே கோட்டுப் படத்தின் ஃபைலைத் திறந்தான். நல்லவேளை, தலை கோட்டோடு ஒட்டாமல் தனி லேயரில் இருந்தது. பெரிதாக்கியிருந்ததைச் சிறிதாக்கினான். கோட்டுக்காகப் பூசியிருந்த வெளுப்பை எடுத்தான். சாய்வை மாற்றி, ஓட்டைமேல் கொண்டுபோய் வைத்தான். வழக்கமாகக் கழுத்தை ஒட்டத்தான் அரை நாள் ஆகும். இங்கே தேய்க்கவும் பூசவும் எதுவுமில்லை. பக்கத்து ஃபைலில் கோட்டு மட்டும் தலையில்லாமல், ஒரு விரலை நீட்டிக்கொண்டு நின்றது.

சாயங்காலம் கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க பிரபா ஸ்டுடியோவுக்கு வந்தாள். "கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். உத்தமன் பிரின்ட் கொடுத்தான்.

பிரின்டர் இங்குமங்கும் ஓடி, காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பியது. முதலில் பந்தல் துணி. பிறகு கலைந்த முடி, நெற்றி, கண்ணோரச் சுருக்கம், மருவோடு மோவாய். கழுத்து வந்தபோது உத்தமன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிரின்டர் நிற்காமல் கீழே இறங்கியது. தோள் வர ஆரம்பித்தது, ஒரு பக்கம் தாழ்ந்து.

காகிதம் கீழே விழுந்துவிடக் கூடாதென்று பிரபா இரண்டு கையையும் அதன் அடியில் ஏந்தினாள். மறுமுனையை அவன் பிடித்தான். சுண்டுவிரல் அதன்பாட்டுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அவன் மறைக்கவில்லை.