இன்னொரு பின்

கூடத்துத் தரையில் செய்தித்தாள் விரித்திருந்தேன். அதன் மேல் எட்டுக் காகிதத் தட்டுகள், சிவப்பும் கறுப்புமாக வண்ணம், பசை, ஒரு டப்பாவில் பித்தளைப் பின்கள். தலை வட்டமாக இருக்கும், கால் இரண்டாகப் பிரியும். மூடியில் கொட்டி எண்ணினேன். பத்து. எனக்கு மருந்துக் கடையில் வேலை. மாத்திரை எண்ணிப் பழகிய விரல் எதையும் சும்மா விடாது.

கதவருகே ஒரு பை. உள்ளே என் மகளின் துணிகள். ஆறரை மணிப் பேருந்தில் அவளைத் தன் ஊருக்குக் கூட்டிப் போக என் மனைவியின் அக்கா வந்திருந்தார். போனால் பள்ளிக்கூடமும் அங்கேதான்.

மனைவி இறந்து ஏழு மாதம். அக்கா போன வாரம் போனில் கேட்டபோது சரி என்றேன். அந்த மாதங்களில் யார் எதைக் கேட்டாலும் சரிதான். அன்று காலை பையைப் பார்த்தபோதுதான், "யோசிக்கணும்க்கா" என்றேன்.

"இப்ப யோசிக்கிறீங்களா தம்பி?" என்றார். "சரி. இன்னைக்கு ஒரு சாயங்காலம் நீங்களே பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்க. ஒரு குறையும் வரலன்னா நான் தனியாவே பஸ் ஏறுறேன்."

அன்று மகளின் கூட்டாளிகளுக்குப் பொறிவண்டு செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். மாடி வீட்டு நீதிபதியும் அவன் தங்கையும் வந்தார்கள். அவனுக்கு ஏழு வயது, எதற்கும் தீர்ப்புச் சொல்வான். கீழ் வீட்டு நர்ஸ், டியூட்டி முடிந்து வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லித் தன் இரண்டு வயது மகனை விட்டுப் போயிருந்தார். அவன் பெயர் எல்லோருக்கும் புல்டோசர்.

ஒரு தட்டுக்குக் கறுப்பு. அது உடம்பு. இன்னொன்றுக்குச் சிவப்பு. காய்ந்ததும் நடுவில் வெட்டினால் இரண்டு இறக்கை. இறக்கைகளை உடம்பின் மேல் வைத்து, தலைப்பக்கம் ஒரு பின் குத்திக் காலைப் பிரித்துவிட்டால் விரியும், மூடும். பிறகு கறுப்புப் பொட்டுகளை ஒட்ட வேண்டும்.

"என் வண்டுக்கு ஏழு பொட்டு. உன்னோடதுக்கு எட்டு. செல்லாது" என்றான் நீதிபதி.

"என் வண்டு, என் இஷ்டம்" என்றாள் என் மகள். ஆறு வயது. தலை நிமிரவில்லை.

புல்டோசர் பசையில் கை வைத்தான். குளியலறைக்குத் தூக்கிப் போய்க் கழுவி வந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். அக்கா சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு நான்கு வண்டுகளும் செய்தித்தாளில் காய்ந்தன. டப்பாவை மூடப் போனேன். விரல் எண்ணியது. ஐந்து.

ஆறு இருக்க வேண்டும்.

பாயைத் தூக்கினேன். செய்தித்தாளை உதறினேன். புல்டோசரின் சட்டைப் பை, உள்ளங்கை, நாக்குக்கு அடி. அவன் சிரித்தான். பிறகு ஒருமுறை இருமினான்.

"என்ன தேடறீங்க அங்கிள்?" என்றாள் நீதிபதியின் தங்கை.

"பின். ஒண்ணைக் காணோம். யாராவது பார்த்தீங்களா?"

"குட்டிப் பையன் எதையும் வாய்லதான் போடுவான்" என்றான் நீதிபதி. அவன் தங்கை தலையாட்டினாள். என் மகள் தன் வண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் பாத்திரம் உருண்டது. அக்காவுக்கு எதுவும் கேட்டிருக்காது. படியில் நர்ஸின் செருப்புச் சத்தம். ஒரு பின் எண்ணிக்கையில் குறைந்தது பெரியவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் விழுங்கியிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பேருந்து போய்விடும்.

கதவைத் திறந்தேன்.

"ஒரு பின் குறையுது. இவன் முழுங்கியிருக்கலாம். நான் பார்க்கல. இருமினான்."

நர்ஸ் கையிலிருந்த பையைக் கீழே போட்டார். மகனைத் தூக்கி வாயைப் பார்த்தார், மார்பில் காது வைத்தார். "கூர் இருக்குமா?"

"இருக்கும். கால் ரெண்டும் கூர்."

"எக்ஸ்ரே எடுத்துடறேன்." வந்த படியிலேயே இறங்கினார். நானும் வருகிறேன் என்றேன். "மத்த பிள்ளைங்களை யாரு பார்ப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பினேன். அக்கா கரண்டியோடு நின்றிருந்தார்.

"ரெண்டு மணி நேரம்கூட ஆகல" என்றார். குரல் உயரவில்லை. "இவளை எப்படித் தம்பி நான் விட்டுட்டுப் போறது?"

மாடிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு வந்தேன். அக்கா மகளுக்குத் தலை சீவினார். நான் போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது அடிக்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னும் இப்படி ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து ஐம்பதுக்கு அடித்தது.

"ஒண்ணும் இல்ல. தொண்டை, வயிறு எல்லாம் சுத்தம். சாதாரண இருமல்தான்" என்றார் நர்ஸ். "இங்க எல்லார் பேனாவையும் புடுங்கிட்டு இருக்கான். சொன்னது நல்லதாப் போச்சு. சொல்லாம விட்டிருந்தா உங்களை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்."

அக்காவிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் பையின் ஜிப்பைத் திறந்தார். "உன் வண்டையும் எடுத்து வைக்கவா கண்ணு?" என்று கேட்டு, இறக்கையை விரிக்கப் பார்த்தார். விரியவில்லை.

"திறக்காது பெரியம்மா. கீழயும் ஒண்ணு குத்தியிருக்கேன்."

அக்கா வண்டைத் திருப்பினார். கறுப்புத் தட்டின் பின்பக்கத்தில், மேலே ஒரு ஜோடிக் கால், கீழே ஒரு ஜோடி. முன்பக்கம் கீழ்ப் பின்னின் தலையை எட்டாவது பொட்டு மறைத்திருந்தது.

"அவ்வளவு தேடினேனே, ஏன் சொல்லல?" என்றேன்.

"காணாமப் போனதைத்தானே தேடினீங்க? இது காணாமப் போகலயே. நான்தானே குத்தினேன்."

"எதுக்குடி ரெண்டு?" என்றார் அக்கா.

"ஒண்ணு போட்டா பறந்துடும்." பிறகு, "இது இங்கயே இருக்கட்டும். பையில வேணாம்" என்றாள்.

அக்கா வண்டைக் கீழே வைக்கவில்லை. மணி ஆறு ஐந்து.

"அக்கா" என்றேன். "அவ இங்கயே இருக்கட்டும். குறை வரும். வந்தா உங்ககிட்ட சொல்றேன்."

அவர் வண்டை மேசையில் வைத்தார்.

"படியில சத்தம் கேட்டப்பவே உங்க முகத்தைப் பார்த்தேன்" என்றார். "மறைச்சிடுவீங்கன்னுதான் நினைச்சேன்." பிறகு தன் கைப்பையை மட்டும் எடுத்துத் தோளில் மாட்டினார். "துணியை நீங்களே எடுத்து அடுக்குங்க. மேல வைக்காதீங்க, அவளுக்கு எட்டாது."

அவர் போன பிறகு பையைப் பிரித்தேன். அலமாரியின் கீழ் அடுக்கில் ஒவ்வொன்றாக வைத்தேன். எண்ணவில்லை.