ஏழு நாற்பதுக்கு ஒரு காலி வண்டி

நகரத்தில் ஓடும் ஆப் கார்கள் எங்கே போகின்றன, எங்கே நிற்கின்றன, எத்தனை கிலோமீட்டர் ஆளில்லாமல் சும்மா சுற்றுகின்றன என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. போக்குவரத்து அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஃபேன் காற்று எட்டாத மூலையில் மேசை. பத்து கிலோமீட்டர் ஓடினால் அதில் நான்கு காலியாக ஓடுவது. அந்த நான்கு கிலோமீட்டர்தான் தெருவை அடைக்கிறது, பேருந்தை நகரவிடாமல் செய்கிறது, புகையை மட்டும் எல்லோருக்கும் தாராளமாகத் தருகிறது. இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் புதுவிதி வரப்போகிறது. சவாரி இல்லாத கார், பட்டியலில் உள்ள குறுகிய தெருக்களுக்குள் நுழையக் கூடாது. ஒதுக்கிய இடத்தில் போய் நிற்க வேண்டும். பட்டியலைத் தயாரித்தவள் அவள்தான்.

அவளுடைய மேலதிகாரிக்கு அலுவலகத்தில் முழம் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் அளந்து பார்க்காமல் விட மாட்டார். வியாழக்கிழமை மதியம் அவளுடைய அறிக்கையை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சின்னச் சின்னதா நின்ன கணக்கெல்லாம் எங்கம்மா போச்சு?"

"அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ நின்னா கருவிக் கோளாறுன்னு எடுத்துடுறோம் சார்."

"எந்த மகராசன் சொன்னது?"

"நான்தான் சார்."

முழம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நாளைக்குக் கம்பெனிக்காரன் கேட்டா நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் பதில் சொல்றது? எல்லாத்தையும் திரும்பப் போடுங்க."

மனதுக்குள் அவரை நாலு திட்டு திட்டிக்கொண்டே திரும்பப் போட்டாள். வெறுமையாக இருந்த வரைபடத்தில் அம்மை போட்டது போல எங்கு பார்த்தாலும் சிவப்புப் புள்ளிகள். அவற்றில் ஒன்று அவள் குடியிருக்கும் சந்திலேயே இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்திருந்தாள். "தினமும் காலையில ஒரு கார் வந்து எதிர்ல நிக்குதும்மா. ஏறவும் ஆள் இல்ல, எறங்கவும் ஆள் இல்ல. நீ அந்த ஆபீஸ்தானே, ஒரு கையெழுத்து போடு." அவளும் போட்டாள். அந்த மனுவின் புண்ணியத்தில் அவர்கள் சந்தும் பட்டியலில் ஏறிவிட்டது. சரி, அந்தத் திருட்டு வண்டி எதுதான் என்று பார்ப்போமே என்று புள்ளியைத் திறந்தாள்.

ஐந்து மாதமாக ஒரே வண்டி. ஞாயிறு தவிர தினமும் காலை ஏழு நாற்பதுக்கு வந்து, நான்கு நிமிடம் நின்று, காலியாகவே திரும்பிப் போயிருக்கிறது. ஓட்டுநர் பெயர் அவளுக்கு வராது, ஒரு மாற்று எண் மட்டும்தான் வரும். பெயர் வேண்டுமென்றால் எழுதிக் கேட்க வேண்டும். ஆனால் அந்த வண்டி தினமும் புறப்படும் இடம் தெரிந்தது. மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கும் முட்டுச்சந்து. அங்கே மொத்தம் நான்கு வீடு. கார் நிறுத்த இடம் இருப்பது கடைசி வீட்டில் மட்டும்தான்.

அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. இப்போது அங்கே இருப்பது அண்ணனும் அண்ணியும்.

எத்தனை மாதமாக இந்தப் புள்ளியைக் கோளாறு என்று தன் கையாலேயே அழித்திருக்கிறாள்.

அண்ணனுக்கும் அவளுக்கும் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகிறது. ரயில் நிலைய வாசலில் பதினைந்து வருடம் டாக்ஸி ஓட்டியவன் அவன். அந்த ஸ்டாண்டை எடுத்துவிட்டுப் பேருந்துக்குத் தனித்தடம் போடலாம் என்று கோப்பு வந்தது. எழுதியவள் தங்கை. அலுவலக ரகசியம் என்பதால் வாயைத் திறக்கவில்லை. அந்த ஏழு வாரமும் ஞாயிறு தவறாமல் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அண்ணி கட்டிக்கொடுத்ததையும் வாங்கிக்கொண்டு வந்தாள். ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் ஒட்டியபோதுதான் அண்ணனுக்குத் தெரிந்தது. அடியில் இருந்த கையெழுத்தை அவனுக்கு அடையாளம் தெரியாதா? அந்தக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவனே அவன்தான்.

"ஸ்டாண்டை எடுத்ததுக்குக் கோவமில்ல. ஏழு ஞாயித்துக்கிழமை என் எதிர்ல உக்காந்து சாப்ட்ட. ஒரு வார்த்தை சொல்லாம இருந்த பாரு, அதுக்குத்தான். இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

டாக்ஸியை விற்றுவிட்டு ஆப்பில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டாள். இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ரோஷத்தில் அண்ணனுக்குக் கொஞ்சமும் இளைத்தவள் இல்லை அவள். பேருந்துத் தடம் வந்தபிறகு ஆயிரக்கணக்கான பேர் இருபது நிமிடம் முன்னால் வேலைக்குப் போகிறார்கள். அவள் செய்தது சரிதான். ஆனால் சரியாகச் செய்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு இறங்கவில்லை, அதற்கு எந்தக் கோப்பிலும் பதில் இல்லை.

இப்போது ஏன் வருகிறான்? அந்த வண்டி முதன்முதலில் வந்து நின்ற தேதியைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. அலுவலகப் படியில் விழுந்து, கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கிடந்துவிட்டு அவள் மறுபடி வேலைக்குப் போன வாரம். யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள். அவள் எப்போதும் ஏழு நாற்பதுக்குத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவாள் என்பது அவனுக்குத் தெரியும். ஒழுங்காக நடக்கிறாளா என்று பார்க்க வந்திருக்கிறான். ஆனால் அதே வாரத்தில்தான், கூட்டம் குறைய வேண்டும் என்று ஊழியர்களின் வேலை நேரத்தைப் பிரித்தார்கள். பேருந்தில் உட்கார இடம் கிடைக்குமே என்று அவள் முதல் பிரிவைக் கேட்டு வாங்கினாள். அன்றிலிருந்து ஆறு ஐம்பதுக்கே போய்விடுகிறாள்.

வீட்டில் இல்லாதவளுக்காக ஐந்து மாதமாக வந்து நின்றிருக்கிறான். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பட்டியல் அன்று சாயங்காலமே போயாக வேண்டும். விதி திங்கட்கிழமை அமலுக்கு வருகிறது. தன் சந்தின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தால் முழம்கூடக் கண்டுபிடிக்க மாட்டார். பேனாவை எடுத்தாள். அடிக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு தெருவுக்கு ஒரு நியாயம், தன் தெருவுக்கு ஒரு நியாயமா? அண்ணனே கேள்விப்பட்டாலும் காறித் துப்புவான்.

வெள்ளிக்கிழமை வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, மாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். கணக்கில் இருந்தது போலவே ஏழு நாற்பதுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து எதிரே நின்றது. அண்ணன் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. சட்டைக் காலர் நைந்திருந்தது. இறங்கி ஓட வேண்டும் போல இருந்தது அவளுக்கு. போனால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றால்? வாசப்படி மிதிக்காதே என்றவன் அவன். இந்தத் தூரத்திலிருந்து பார்க்கிற இந்த நான்கு நிமிடமும் இல்லாமல் போய்விட்டால்? ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். கார் திரும்பிப் போய்விட்டது. கீழே வீட்டுக்காரம்மா அதைப் பார்த்து எதையோ முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை ஏழு முப்பத்தைந்துக்குக் கைப்பையோடும் போனோடும் கேட்டருகே வந்து நின்றாள். சந்து முனையில் காலி வண்டி நுழையக் கூடாது என்று புதுப் பலகை நட்டிருந்தார்கள், இங்கிருந்து முந்நூறு அடி இருக்கும். ஏழு நாற்பதுக்கு வெள்ளைக் கார் வந்தது. பலகைக்கு அந்தப் பக்கமே நின்றது. இத்தனை தூரத்தில் அவனுக்கு அவள் ஒரு புடவையாகத்தான் தெரிவாள்.

ஆப்பில் சவாரி கேட்டால் அந்த அழைப்பு எந்தக் காருக்கும் போகலாம், ஆனால் மிக அருகில் இருக்கும் காருக்குத்தான் முதலில் போகும். ஏறும் இடம் என்பதில் தன் வீட்டைப் போட்டாள். போகும் இடம் என்பதில் மாவு மில் சந்து, கடைசி வீடு என்று போட்டாள். அழுத்தினாள்.

ஆள் எங்கே போகிறார் என்பது ஓட்டுநருக்கு முன்பே தெரிய வேண்டும், பதினைந்து நொடிக்குள் அவர் வேண்டாம் என்று சொல்லலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இந்த விதிக்காகக் கம்பெனிக்காரர்களோடு இரண்டு மாதம் மல்லுக்கு நின்றவள் அவள். யாரை மனதில் வைத்துக்கொண்டு நின்றாள் என்பது முழத்துக்குத் தெரியாது. இப்போது அந்தப் பதினைந்து நொடி அவள் கையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று. பன்னிரண்டு. மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு முழு உரிமை உண்டு. பதினான்கில் திரை பச்சையானது. ஓட்டுநர் ஏற்றுக்கொண்டார்.

ஆனால் கார் நகரவில்லை. இப்போது உள்ளே வரலாம், விதி தடுக்காது. இருந்தும் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றது. அவள் ஒரு கணம் குழம்பினாள். பிறகு புரிந்தது.

நடக்கத் தொடங்கினாள். வேகமாகவும் இல்லாமல், மெதுவாகவும் இல்லாமல், எப்போதும் நடக்கிற மாதிரி. கார்க் கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தன. முன்கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாலு நம்பரு?" என்றான் அண்ணன், எதிரே பார்த்துக்கொண்டு.

சொன்னாள். சவாரியைத் தொடங்க ஆப் அவளுக்கு அனுப்பியிருந்த எண் அது. அவன் போனில் தட்டினான்.

"கால் இழுக்கல."

"இல்லண்ணா. சரியாயிடுச்சு."

"அஞ்சு மாசமா வர்றேன். உங்க வீட்டுக்காரம்மா நடக்கிறதத்தான் பாத்துட்டுப் போறேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஆறு அம்பதுக்கே கெளம்பிடுறேன்ணா. நேரத்த மாத்திட்டாங்க."

"அதையும் நீதான் எழுதுனியா?"

"அது நான் இல்ல." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "இந்தப் பலகை நான்தான்."

"தெரியும்."

"இந்தத் தடவையும் முன்னாடியே சொல்லலண்ணா. உனக்குச் சொல்ல வேண்டியது நெறைய..."

"வீட்ல வந்து சொல்லு," என்று அவன் கியரைப் போட்டான்.