ஜோடிச் சுறா

தணிகாசலம் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் ஒரு கிளியை வரைந்து அதன்படி தறி அட்டையில் ஓட்டை குத்திக் கொடுத்தால் போதும், அதைப் பார்த்து நிற்கிற எதிர்க்கிளியைத் தறியே போட்டுக்கொள்ளும். இருபது வருஷமாக இப்படிக் கிளிகளுக்கு ஜோடி சேர்த்தவர், ஏழு மாதமாகத் தனியாகச் சோறு பொங்கித் தின்கிறார்.

சண்டை ஒன்றுமில்லை. அதுதான் சண்டையே. மனுஷன் நாள்கணக்கில் வாய் திறக்கமாட்டார். "செவுத்தோட குடும்பம் நடத்தினது போதும்" என்று சொல்லிவிட்டு, மனைவி கிருஷ்ணவேணி திருமுக்கூடலில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகாதே என்று சொல்ல அப்போதும் அவருக்கு வாய் வரவில்லை.

ராயபுரத்திலிருந்து யேசுதாஸ் என்ற விசைப்படகுக்காரர் வந்தார். மகள் கல்யாணப் புடவையின் முந்தானையில் கிளி வேண்டாம், தன் படகில் வரைந்திருக்கிற புலிச்சுறா வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்று, பெரிதாக என்றார். கிளி துணையில்லாமல் இருக்காது, கத்திக் கத்திக் கூப்பிடும்; புலிச்சுறா தனியாகவே சுற்றும், அதற்குக் குரலே கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறாரோ என்று தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஆசையாகத்தான் வரைந்தார்.

கை பழக்கத்தை விடுமா? நெசவாளி பழனி கூப்பிடுகிறாரே என்று போய்ப் பார்த்தால், மாதிரித் துணியில் இரண்டு சுறாக்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. தணிகாசலம் கிளிக்குச் செய்கிற மாதிரியே இதற்கும் அட்டை குத்தித் தொலைத்திருந்தார்.

"எத எடுத்துடலாம்ணே?" என்றார் பழனி.

தணிகாசலம் உள்ளங்கையால் ஒன்றை மறைத்துப் பார்த்தார். மற்றது வெறும் பட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாக வரைந்து தருவதாகச் சொல்லிவிட்டு, அந்தத் துணியை மடித்துக்கொண்டு திருமுக்கூடல் பஸ்ஸில் ஏறினார்.

கிருஷ்ணவேணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். துணியை அவள் முன் விரித்தார். வழக்கம்போல் ஒன்றும் பேசவில்லை. அவள் குனிந்து சுறாக்களைத் தடவிப் பார்த்தாள்.

"மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கினு நிக்குது, சரி. ஒண்ணோட ஒண்ணு பேசுதா?"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

"கொழம்புல உப்பு இருக்குதான்னு கேக்கக்கூட வூட்ல ஆளில்ல, கிருஷ்ணவேணி" என்றார். தன் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது" என்றாள். "பேசு."