முன் வரிசையில் செல்வமணி

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத்தேர்வில் ஒருமுறை தோற்றிருந்த பொன்னுராஜ், மறு ஆண்டு மதுரைக்குப் போய் மறுபடியும் எழுதினான். போடியில் ஏலக்காய்க் கடையை அடைத்தபின் அவனுக்குக் கேள்விகளை வாசித்துக் காட்டிய மனைவி செல்வமணியும் பி.எஸ்சி. படித்தவள். "துணைக்கு வர்றேன், அப்படியே நானும் எழுதிப் பாக்குறேன்" என்று அவளும் விண்ணப்பித்திருந்தாள்.

தேர்வுக் கூடத்தில் கணக்கில் திணறி நிமிர்ந்தவன், முன் வரிசையில் அவளைக் கண்டான். அவள் பென்சில் எங்குமே தயங்கவில்லை. பக்கங்கள் மளமளவென்று புரண்டன. இத்தனை நாள் இப்படியொரு மூளையோடா குடித்தனம் நடத்தினோம் என்று மலைத்து, எழுதவே மறந்து உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்ததும், "எத்தனை கேள்விய விட்ட?" என்று கேட்டான்.

"ஒன்னுமே விடலைங்க. நேரம் மிச்சமிருந்துச்சு. நீங்க?"

அவன் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

நேர்முகத் தேர்வுக்கு அவளை மட்டும் அழைத்தார்கள். கல்கத்தாவில் இடமும் கிடைத்தது.

"பொண்டாட்டிய அம்புட்டுத் தொலைவுக்கா அனுப்பப் போற?" என்று கேட்டார் அப்பா ஏசுதாசன்.

"அவ எழுதுனத நீங்க பாக்கலையேப்பா," என்றான் பொன்னுராஜ். "நான் பாத்தேன்."